அண்ணாச்சி தண்ணீர் கலக்கவில்லை

பதிவு நீளம். 'வாத்தியார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்' என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பதினான்கு பேரும் கடைசி வரி வரைக்கும் படித்தே ஆகவேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தச் செய்தி இது: "அண்ணாச்சி பதநீர்ல தண்ணி கலக்குறார். மீட்டர் வச்சே பார்த்துட்டேன்."

எழுதியவர் என் தங்கச்சி மகன். பெயர் வேண்டாம், குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். சாத்தூருக்குக் கிழக்கே நம் கரிசல் காட்டு வரப்பில் நிற்கிற பன்னிரண்டு பனையிலும் இந்த வருஷம் பதநீர் இறக்கி, தானே கருப்பட்டி காய்ச்சப் போவதாகச் சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டது நான்தான். அவர் அப்பா காலத்திலேயே அந்தப் பனைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை. செங்கல் சூளைக்கு விலை பேசியவர்களும் நம் குடும்பத்தில் உண்டு. அதனால் மருமகன் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. தப்பாக எழுதினார் என்கிறேன். அந்தத் தப்பு ஒரு மனுஷனின் மானத்தில் போய் விழுந்திருக்கிறது என்கிறேன்.

ஏற்பாடு என்ன என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று வயது. விடிவதற்கு முன் ஏறுவார், பாளை சீவுவார், கலயத்தை இறக்குவார், உள்ளே சுண்ணாம்பு தடவிய அடுத்த கலயத்தைக் கட்டுவார். சாயங்காலம் மறுபடியும் பன்னிரண்டு பனையும் ஏறிச் சீவிவிட்டு வருவார். ஒரு நாள் பதநீர் நமக்கு, மறுநாள் பதநீர் அவருக்கு. ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது லிட்டர் வரும். அவர் பங்கை மதினி அன்றைக்கே காய்ச்சி இறக்கிவிடுவார். வேலிக்கருவை விறகு, இரும்புத் தாச்சி, ஓலைக் கூரை போட்ட விடிலி, பொங்கி வந்தால் தட்டிப்போட இரண்டு ஆமணக்கு முத்து. சிரட்டையில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கல்லு மாதிரி கட்டி நிற்கும்.

நம் பங்கு கட்டவில்லை. மூன்று வாரமாகச் சிரட்டையில் களிம்பு மாதிரி நிற்கிறது, விரலை வைத்தால் ஒட்டுகிறது, மறுநாள் கசிகிறது. ஒரே மரம், ஒரே ஏறுகிறவர், ஒரே சுண்ணாம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வித்தியாசம். அப்படியென்றால் நம் முறைக்கு வருகிற நாளில் மட்டும் தண்ணீர் கலக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார் மருமகன். கையில் சர்க்கரை அளக்கிற மீட்டர் வேறு இருக்கிறது. பதநீருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று காட்டவேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார். இவருக்கு எட்டு காட்டியது.

நான் கேட்ட முதல் கேள்வி: "எப்போ அளந்தீங்க மாப்ளே?"

"காய்ச்சுறதுக்கு முன்னாடி மாமா. புதன்கிழமை ராத்திரி."

திங்கட்கிழமை காலையில் இறக்கிய பதநீரை!

நம் வீட்டில் அடுப்பு எரிவது வாரத்துக்கு இரண்டே நாள். புதன் ராத்திரி, ஞாயிறு. நடுவில் இறக்குவதெல்லாம் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில். டிரம்மை ஒரு நாளும் முழுக்கக் காலி செய்து கழுவியதில்லை. அடியில் எப்போதும் ஒரு சாண் பழையது கிடக்கும், அதன் மேல் புதுசு விழும். அதைவிட மோசம் அடுப்பில். எட்டு மணிக்குக் காய்ச்ச ஆரம்பித்து, பதினொரு மணிக்கு ஆபீஸ் கால் வந்ததும் கேஸை அணைத்து மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். பாதி வற்றியது, பாகும் இல்லை பதநீரும் இல்லை, வெதுவெதுப்பாக விடியவிடிய அதிலேயே கிடக்கும். அடுத்த அடுப்பு அன்றைக்கு அதன் தலையில் டிரம்மில் இருப்பதை ஊற்றுவார். "வேஸ்ட் பண்ணக் கூடாது இல்ல மாமா?" என்றார். வீணாக்கக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் வீணாக்கிய கதை இது.

பிள்ளைகளே, இனி கொஞ்சம் பாடம்.

பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நாம் சீனி என்கிற அதே பொருள். கருப்பட்டி கட்டுவதே சுக்ரோஸ் படிகமாகும் குணத்தால்தான். காற்றிலும் பாளையிலும் பாத்திர இடுக்கிலும் ஈஸ்ட் இருக்கிறது. அது ஆல்கஹால் ஆக்குவதற்கு முன்னாலேயே சுக்ரோஸை இரண்டாக உடைக்கிறது, குளுக்கோஸ் ஒன்று, ஃப்ரக்டோஸ் ஒன்று. இந்த உடைந்த சர்க்கரைகள் இனிக்கும். ஆனால் லேசில் கட்டாது, சேர்ந்து கிடக்கும் சுக்ரோஸையும் கட்டவிடாது, போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் சிரட்டையில் கசிவது அதுதான். நாக்கில் புளிப்பு தெரிவதற்கு முன்பே இந்த வேலை பாதி நடந்திருக்கும். 'குடிச்சுப் பார்த்தேன், நல்லாத்தானே இருந்துச்சு' என்று மருமகன் சொல்வது பொய்யில்லை. நாக்குக்கு அது தெரியாது.

'சுண்ணாம்பு இருக்கே, எப்படிப் புளிக்கும்?' என்று குழுவில் ஒரு சித்தப்பா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எட்டாம் வகுப்பில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பால் மாதிரி வெளுத்தது. மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைச் சாப்பிட்டுச் சுண்ணாம்புக்கல்லாக ஆக்கிவிட்டது, காரம் போய்விட்டது. திறந்த டிரம்மிலும் அதேதான் மெதுவாக நடக்கிறது. அடியில் கிடக்கும் பழசு புளிக்க ஆரம்பித்தால் அதுவே கார்பன் டை ஆக்சைடு விடும், அமிலமும் விடும், சுண்ணாம்பு இன்னும் வேகமாகத் தீரும். அண்ணாச்சி கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, ராத்திரி முழுக்க மரத்தில் சொட்டுவதைக் காலைவரை காப்பாற்றுவதற்கு அளந்து தடவுவது. மூன்று நாளைக்குக் காவல் இருக்க அல்ல.

அப்போ இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால்? இந்தக் கேள்விக்கு என்னிடம் சொந்த அனுபவம் இருக்கிறது, வெட்கத்தோடு சொல்கிறேன். வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த புதிது. கோடை மழையில் விறகெல்லாம் நனைந்து, எங்கள் அப்பாவின் விடிலியில் ஒரு நாள் அடுப்பு எரியவில்லை. மறுநாள் பதநீர் லேசாகப் புளித்திருந்தது. அப்பா அதைத் தென்னைக்கு ஊற்றச் சொன்னார். நான் தடுத்தேன். அமிலத்தைக் காரம் சமன் செய்யும், சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுங்கள், சரியாகிவிடும் என்றேன். படிச்ச பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று அவரும் ஊற்றினார். அரை நாள் விறகெரித்தோம். வந்தது கன்னங்கரேல் என்று, வாயில் வைத்தால் கசந்து, நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டுகிற ஒரு பண்டம். மாட்டுத் தொட்டியில் போட்டோம், மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சுண்ணாம்பு புளிப்பை அடக்கும். உடைந்துபோன சுக்ரோஸை அது மறுபடியும் ஒட்டவைக்காது. அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் உப்புகளாகிக் கரிப்பும் கசப்பும் தரும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் காரத்தில் கொதித்தால் கருத்துப்போகும். ஆக, மூக்குக்குப் புளித்த வாசனை வராமல் போகும், அவ்வளவுதான்.

இப்போது மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பழி அதை வைத்துத்தான் போடப்பட்டது. போன வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மருமகனின் அதே மீட்டரோடு மரத்தடியில் போய் நின்றேன். கலயம் இறங்கியதும் வடிகட்டி ஒரு சொட்டு. பதின்மூன்று. அதில் ஒரு பங்கை அந்த நீல டிரம்மில் ஊற்றச் சொன்னேன், இன்னொரு பங்கை வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் தூக்கில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் டிரம் பதினொன்று, தூக்கு பன்னிரண்டரை. சனிக்கிழமை காலையில் டிரம் எட்டரை. அந்த டிரம்மில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிட்டது. சொல்லப்போனால் மீட்டர் காட்டியதைவிட அதிகமாகவே தின்றிருக்கும். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அந்த மீட்டர் அளக்கிறது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும், அதுவும் கொஞ்சம் சர்க்கரை மாதிரிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆக, மருமகன் அளந்தது அண்ணாச்சியின் நேர்மையை அல்ல. தன்னுடைய டிரம்மை.

கனடாவில் கியூபெக் பக்கம் இருக்கிற என் மாணவன் ஒருவனோடு போன மாதம் வீடியோவில் பேசினேன். அவன் வீட்டுக்குப் பின்னால் மேப்பிள் மரங்கள். குளிர் விடும் பருவத்தில் மரத்தில் துளை போட்டு, வடிகிற நீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறான், பொழுதுபோக்குக்காக. அந்த நீரில் சர்க்கரை இரண்டு சதவீதம்தானாம். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. நமக்கு எட்டுப் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டியே வந்துவிடுகிறது என்றதும் வாயைப் பிளந்தான். அவனிடம் கேட்டேன், ஒரு நாள் காய்ச்சி மிச்சமானதைத் தட்டில் அப்படியே விடுவாயா என்று. "உறையுற குளிர்னா ஒரு நாள் ரெண்டு நாள் விடலாம் சார். வெயில் வந்துட்டா, காய்ச்ச வேலை இல்லேன்னாலும் அடுப்பை மூட்டி ஒரு கொதி விட்டுட்டுத்தான் படுப்பேன். இல்லேன்னா பாகு நூல் நூலா இழுக்கும்" என்றான். பனி கிடக்கிற ஊரில், இரண்டு சதவீதச் சர்க்கரைக்கு, அவனுக்கு அந்தப் பயம் இருக்கிறது. நாம் சித்திரை மாசத்தில், நாற்பது டிகிரியைத் தொடுகிற சாத்தூர் வெயிலில், பதின்மூன்று சதவீதத்தை மூடி போட்டு வைத்துவிட்டு ஆபீஸ் கால் பேசப் போகிறோம்.

இவ்வளவு தூரம் போவானேன்? சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் ஃபோர்மேனாக இருக்கும் என் மாணவர்கள் இதைப் படிப்பார்கள். கலந்த மணிமருந்தை ராத்திரி மிச்சம் வைக்கலாமா என்று அவர்களைக் கேளுங்கள். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றன்றைக்கே தீர்க்கவேண்டும், தீராததை முறைப்படி அழிக்கவேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் தானாகச் சூடேறும். முந்தின நாள் மீதியைக் காலையில் வந்து தொட்டபோது நடந்த விபத்துகளைச் சொல்ல நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, அங்கே போவது உயிர். ஆனால் கலந்த பொருள் நாம் தூங்கும்போது தூங்காது என்பதைத் தெரிந்துகொள்ள இந்த மாவட்டத்துக்காரனுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

எதிர்க்கேள்விகளும் வந்தன. பதில் சொல்லிவிடுகிறேன்.

கற்கண்டுக்குக் கூப்பனியைப் பானையில் நாற்பது நாள் வைக்கிறார்களே, அது கெடவில்லையே என்றார் ஒரு மைத்துனர். அது நன்றாகக் கொதித்து வற்றிய பாகு, மைத்துனரே. அவ்வளவு அடர்த்தியில் ஈஸ்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கெடுவது நடுவில் நிற்பதுதான், பாதி வற்றி, வெதுவெதுப்பாக, மூடி போட்டு. தினமும் முழுக்கக் காய்ச்ச நேரமில்லை என்றால் அதற்கு வழியே அந்தக் கூப்பனிதான். அன்றைய பதநீரை அன்றே கொதிக்கவைத்து, துடுப்பிலிருந்து கெட்டியாக வழிகிற பதம் வரை வற்றவைத்து, வெந்நீரில் கழுவிய பாத்திரத்தில் சூட்டோடு ஊற்றி மூடி வைக்கலாம். மறுநாள் அதே மாதிரி. பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் கருப்பட்டிப் பதத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் நேரமில்லையா? ஃப்ரிட்ஜில் இடமிருந்தால் இறக்கின ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள், மறுநாள் எடுத்துக் காய்ச்சுங்கள். நான் பழைய காலத்து ஆள் என்று மருமகன் நினைக்கிறார், ஃப்ரிட்ஜுக்கு நான் விரோதி இல்லை. அதுவும் முடியாத அன்றைக்குத் தெருவைக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுங்கள். நுங்கை வெட்டிப் போட்டு, ஓலைப்பட்டையில் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று, அத்தை ஒருவர் சொன்னது: "ரெண்டு கிலோ சீனியைப் போட்டா கட்டிட்டுப் போகுது." கட்டும்தான். கடையில் கருப்பட்டி என்று விற்கிற பாதிச் சரக்கு இப்படித்தான் கட்டுகிறது. அத்தை, நம் பிள்ளை கேஸ் அடுப்பு வாங்கி, எவர்சில்வர் தட்டு வாங்கி, மீட்டர் வாங்கியதெல்லாம் ரேஷன் சீனியைப் பழுப்பாக்குவதற்கா?

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பின் காவல் போய் டிரம்மில் நுரைத்து நிற்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? யாராவது வந்து மோந்து பார்த்தால் கேள்வி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் வராது. பனை ஏறுகிறவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நாற்பது வருஷமாக ஏறுகிறவர், ஒரு கலயம் புளித்துப் போனால்கூட மரத்தடியிலேயே கவிழ்த்துவிட்டுப் போகிறவர். அவர் வாழ்க்கையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. நம் டிரம் மிதிக்கவைத்திருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். குழுவில் போட்ட செய்தி குழுவோடு நிற்கவில்லை. யாரோ படம் பிடித்து அனுப்பி, அண்ணாச்சியின் பேரன் போனில் வந்து நின்றது. பையன் வாசித்துக் காட்டியிருக்கிறான். சனிக்கிழமை டிரம்மை அளந்துவிட்டு நான் அவர் வீட்டுக்குப் போனபோது பாளை அரிவாளைத் துடைத்து எண்ணெய் போட்டு, அரிவாள் பெட்டியை எரவாணத்தில் சொருகி வைத்திருந்தார். அரிவாளுக்கு எண்ணெய் போட்டு எடுத்துவைப்பது ஆடி கழிந்து செய்கிற வேலை. இது சித்திரை.

"தண்ணி கலக்கணும்னா சார், தண்ணியைத் தூக்கிட்டுல்ல மரம் ஏறணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மதினிதான் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி கொடுத்தார், கருப்பட்டிக் காப்பி. அவர்கள் பங்குப் பதநீரில் காய்ச்சியது. எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஒரு வட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம் வருகிறது, மரத்திலிருந்து விழுந்துவிடுவோம் என்ற பயமில்லை, அங்கே இருக்கிற பயம் வேறு. பேரனுக்குப் பனையைத் தொடவே ஆசையில்லை. நம் பக்கத்து நாலு ஊருக்கு ஏறத் தெரிந்தவர்களை எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமிருக்கும். 2021-ல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்லதுதான். மரத்தைக் காப்பாற்ற அறிவிப்பு இருக்கிறது. ஏறுகிறவரின் பெயரைக் காப்பாற்றவேண்டியது நாம்தானே, அதற்கு எந்தக் கலெக்டர் வருவார்?

'விடுங்க சார், சின்னப் பையன் தெரியாம எழுதிட்டான்' என்று சிலர் எனக்குத் தனியாக எழுதுகிறீர்கள். தெரியாமல் எழுதுவது வேறு, தெரியாததை மீட்டரோடு எழுதுவது வேறு. எண்ணைக் காட்டினால் வாய் அடைத்துப்போகிறது எல்லாருக்கும். எங்கே அளந்தது, எப்போது அளந்தது என்று பதினான்கு பேரில் ஒருவர் கேட்கவில்லை. அதில் மூன்று பேர் என்னிடம் செய்முறைத் தேர்வு எழுதியவர்கள்! அளவெடுத்த நேரத்தைக் குறிக்காத நோட்டுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டும்.

மருமகனிடம் நேரிலும் பேசிவிட்டேன். டிரம்மில் எட்டரை காட்டியதை அவர் கண்ணாலேயே பார்த்தார். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்போ எப்படி மாமா அவர் முகத்துல முழிக்கிறது?" என்று கேட்டார். அதற்கு வேதியியலில் விடை இல்லை மாப்ளே, காலையில் ஐந்தரைக்கு எழுந்து போய் நிற்கவேண்டியதுதான் என்றேன்.

ஆகவே, குடும்பக் குழுவில் இருப்பவர்களுக்கு. அந்தச் செய்தியை அழிப்பது மட்டும் போதாது, அழித்தால் 'ஏதோ இருந்திருக்கு' என்றுதான் ஆகும். அதே இடத்தில், அதே பதினான்கு பேரும், தப்பு நம்முடையது என்று எழுதுங்கள். அதைப் படம் பிடித்து அந்தப் பேரனுக்கு நானே அனுப்புகிறேன். முதல் படத்தை அனுப்பியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை.

நாளை காலையில் நானும் மருமகனும் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறோம். சனிக்கிழமையோடு சீவல் நின்றது, இன்று திங்கள். இன்னும் இரண்டு நாள் அரிவாள் படாவிட்டால் பாளை வாயடைத்து, இந்த வருஷத்துக்குப் பன்னிரண்டு பனையும் முடிந்துவிடும். நீல டிரம்மைக் கழுவி மாட்டுத் தண்ணீருக்குக் கொடுத்தாயிற்று. எவர்சில்வர் தூக்கு இரண்டு புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம். அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது.